வாசகர் கேள்வி – பதில்: தச்சு மேஸ்திரிக்கு ஒரு நினைவு மலர்

கேள்வி: எங்கள் அப்பா தச்சு மேஸ்திரி. அவர் காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. திதிக்கு வருகிறவர்களுக்கு நாலு பக்கத்தில் ஒரு நினைவு மலர் கொடுக்க ஆசை. சொந்தக்காரர்களை எழுதித் தரச் சொன்னால் எல்லாரும் ‘அன்பானவர், பண்பானவர், உழைப்பால் உயர்ந்தவர்’ என்றே அனுப்புகிறார்கள். வேறு எப்படித்தான் எழுதுவது?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அந்த மூன்று சொல்லையும் யார் படத்துக்குக் கீழேயும் ஒட்டலாம். அதுதான் அதில் உள்ள குறை. நல்ல மாதிரி உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் (அருங்காட்சியகத்தில்) உள்ள நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களுக்கு நட்ட நினைவுக் கற்களை, போய்ப் பாருங்கள். அரூர், செங்கம் வட்டாரத்தில் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கற்களில் புகழுரை அதிகம் இருக்காது. இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான் (கவர்ந்துபோன மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டான்) என்ற அளவில் முடிந்துவிடும். செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல், வீரனோடு நின்ற நாயின் பெயரையும் சொல்கிறது: கோவிவன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நாய் இன்றும் நமக்குத் தெரிகிறதே, ‘பண்பான நாய்’ என்று எழுதியிருந்தால் தெரிந்திருக்குமா?

அதனால் அப்பா செய்த வேலையை எழுதுங்கள். அவர் நிலை வைத்த வீடுகளில் ஐந்தைத் தேர்ந்து, டேப்போடு போங்கள். தலைவாசல் நிலையின் அகலம், கனம், என்ன மரம் (வேம்பா, வேங்கையா, தேக்கா), எந்த வருஷம் வைத்தது, கதவு இன்று தரையில் உரசுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நிலைக்காலும் மேல்சட்டமும் சேரும் மூலையைக் கிட்டப் போய்ப் படமெடுங்கள். ஈரம் காயாத மரத்தில் செய்த நிலை என்றால் முதல் கோடையிலேயே மரம் சுருங்கி, ஒரு சட்டத்தின் துளைக்குள் செருகிய மற்றதன் முனை (நாக்கு) ஆடத் தொடங்கும், மூலையில் கோடு விழும். இருபது வருஷம் கழித்தும் அந்த இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையவில்லை என்றால், மலரில் போடவேண்டிய வரி அதுதான்.

வீட்டுக்காரரிடம் ‘அப்பா எப்படிப்பட்டவர்’ என்று கேட்காதீர்கள். அதே மூன்று சொல்தான் திரும்பி வரும். கூலியை எப்படி வாங்கினார், மிச்ச மரத்தை என்ன செய்தார், எந்த வேலையை முடியாது என்று சொன்னார் எனக் கேளுங்கள். அம்மாவிடமும் அப்படியே: சனிக்கிழமைக் கூலியில் முதல் செலவு எதற்குப் போனது, பிள்ளைகளுக்கு அவர் கையால் செய்த முதல் சாமான் நடைவண்டியா, பலகையா? குடும்பத்தின் மேல் வைத்த பாசம் இந்தப் பதில்களில் தானாக வந்துவிடும்.

அச்சு விஷயம். நாலு பக்கத்துக்கு ஒரு ஏ3 தாளை மடித்தால் போதும். பழைய படங்களை செல்போனில் எடுத்தால் வெளிச்சம் பட்டு மின்னும், அதனால் 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். யூனிகோடில் அடித்ததைக் கடையில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஒரு பிரதி எடுத்து வாய்விட்டுப் படித்த பிறகே மொத்தமாக அச்சடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவின் கணக்கு நோட்டில் ‘36 – 8 – 4½’ என்றும், ‘5×3 – 22 – 2.29’ என்றும் பக்கம் பக்கமாக இருக்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?
– ஒரு வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இரண்டுமே கன அடிக் கணக்குதான். முதலாவது உருட்டு மரம்: சுற்றளவு 36 அங்குலம், நீளம் 8 அடி. சுற்றளவை நாலால் வகுத்தால் 9. ஒன்பதை ஒன்பதால் பெருக்கி, நீளமான எட்டாலும் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் நாலரை கன அடி. உண்மையில் அந்த மரத்தில் ஏறக்குறைய 5.7 கன அடி இருக்கும். அறுக்கும்போது போகும் பக்கப்பட்டையை மனதில் வைத்துத்தான் இப்படிக் குறைத்து அளப்பது.

இரண்டாவது அறுத்த மரம்: 5 அங்குலத்துக்கு 3 அங்குலச் சட்டம், மொத்தம் 22 அடி. ஏழடிக் கால் இரண்டு, நாலடிச் சட்டம் மேலும் கீழும் இரண்டு. ஆக, அது ஒரு வாசல் நிலை. இப்படிப்பட்ட வரிகளை எண்ணினால் அவர் எத்தனை நிலை செய்தார் என்ற கணக்கே கிடைத்துவிடும். ‘நூ’ என்று இருந்தால் நூல், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. நல்ல பக்கம் ஒன்றை அப்படியே மலரில் போடுங்கள், திருத்தி எழுதவேண்டாம்.

கேள்வி: அப்பா பிறந்தது 1951-இல், பர்கூர் பக்கம். எந்த மாவட்டம் என்று போடுவது?
– ஒரு வாசகர், ஊத்தங்கரை

பதில்: அன்றைக்கு அது சேலம் மாவட்டம். தர்மபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-இலும், கிருஷ்ணகிரி மாவட்டம் 2004 பிப்ரவரி 9-இலும் பிரிந்தன. ‘அன்றைய சேலம், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம்’ என்று எழுதினால் பழைய பத்திரத்தோடும் ஒத்துப்போகும்.

கேள்வி: அவருடைய உளி, இழைப்புளி, கொட்டாப்புளி எல்லாம் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. துரு ஏறிவிட்டது. பாலிஷ் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா?
– ஒரு வாசகி, ஓசூர்

பதில்: வையுங்கள், ஆனால் பாலிஷ் வேண்டாம். கிரைண்டரில் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இரும்பு சூடேறி நீலம் பாய்ந்தால் உளியின் பதம் போய்விடும், அவர் தீட்டித் தீட்டிக் கொண்டுவந்த வாயும் போய்விடும்.

முதலில் இழைப்புளியின் ஆப்பைத் தட்டித் தளர்த்தி, அலகைத் தனியே எடுங்கள். இரும்புப் பாகத்தை மட்டும் ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போடுங்கள், பிடி நனையக்கூடாது. மறுநாள் மெல்லிய இரும்பு நாரால் தேய்த்து, பிடிவாதமான இடத்தில் மட்டும் 400 நம்பர் உப்புத்தாளை எண்ணெய் தொட்டுப் போடுங்கள். துடைத்துவிட்டுத் தையல் மிஷின் எண்ணெயை மெல்லப் பூசினால் போதும். தேங்காய் எண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகித் தூசியைப் பிடிக்கும்.

பிடியில் கைபட்டு வழவழப்பான இடத்தை உப்புத்தாளால் தொடாதீர்கள், வார்னிஷும் வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு கை பூசுங்கள். அந்தத் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், கொடியில் விரித்துக் காயவிடுங்கள். பிடியிலிருந்து மாவு மாதிரித் தூள் கொட்டினால் வண்டு இருக்கிறது, அந்தக் கருவியை மற்றவற்றோடு வைக்காதீர்கள்.

பெட்டியின் பின்பலகையில் நாலைந்து காற்றுத் துளை வேண்டும், இல்லையென்றால் மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும். ஆயுத பூஜைக்கு வெளியே எடுத்துச் சந்தனம் குங்குமம் வைத்தால், அலகைத் தவிர்த்துப் பிடியில் வையுங்கள். ஈரச் சந்தனம் காய்ந்த இடத்தில் வட்டமாகத் துரு விழும். மறுநாள் காலையில் துடைத்து, எண்ணெய் தொட்டு உள்ளே வைத்துவிடுங்கள்.