சாப்பிட்டாயிற்று என்னும் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

கல்லூரி மாணவர்களின் பசியைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். நான் கல்லூரி ஆசிரியர். என் வகுப்பில் கைபேசி இல்லாத மாணவர் ஒருவர்கூட இல்லை. உதவித்தொகையும் விடுதியும் இருக்கின்றன. உண்மையில் பட்டினி கிடப்பவர்கள் எத்தனை பேர்? சிக்கனமாகச் செலவழிக்கத் தெரியாததற்கும் பசி என்று பெயர் வைக்கிறோமோ?

(பெயர் வேண்டாம் எனக் கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் பட்டினியை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு உணவுப் பாதுகாப்பின்மையை, அதாவது போதிய உணவு கிடைக்கும் என்ற உறுதி இல்லாத நிலையை, அளக்க 8 கேள்விகளைக் கேட்கிறது. நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தீர்களா என்பது அவற்றில் கடைசிக் கேள்வி. பணமில்லாமல் உணவு கிடைக்காமற் போகுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. ஒரு வேளையைத் தவிர்ப்பதும் அளவைக் குறைத்துக்கொள்வதும் இடையில் வருகின்றன. மாணவர்களின் பசி பெரும்பாலும் அந்த இடைப்பகுதியில் இருப்பதால்தான் உங்கள் கண்ணில் படவில்லை. செல்வந்த நாடான அமெரிக்காவிலேயே, 2020ஆம் ஆண்டின் தேசியக் கணக்கெடுப்பில் இளநிலை மாணவர்களில் 23 விழுக்காட்டினர் உணவுப் பாதுகாப்பின்றி இருந்ததாகத் தெரியவந்தது.

கைபேசிக்கு வருகிறேன். கல்விக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் கெடு உண்டு, தவறினால் அபராதம் உண்டு. கைபேசி இல்லாமல் பாடக்குறிப்பும் வராது, பகுதிநேர வேலையும் கிடைக்காது. யாருக்கும் தெரியாமல் குறைத்துக்கொள்ளக்கூடிய செலவு சாப்பாடு ஒன்றுதான். இதில் சிக்கனம் தெரியாமை எங்கே இருக்கிறது?

என்னோடு படித்த ஒருவர் மதிய மணி அடித்ததும் குழாயடிக்குப் போய், அவசரமே இல்லாமல் புட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு நூலகத்துக்குச் செல்வார். கூப்பிட்டால் “சாப்பிட்டாயிற்று” என்பார். சட்டை எப்போதும் தேய்த்து மடிப்புக் கலையாமல் இருக்கும். அவருக்கு உதவித்தொகை உண்டு, ஆனால் பருவத்தின் பாதி கழிந்த பிறகுதான் அது கைக்கு வரும் என்பதை நாங்கள் அறிய மூன்று ஆண்டுகள் ஆயின.

பின்னணி மாறினால் பசியின் வழியும் மாறுகிறது. குடும்பத்தில் முதலாவதாகக் கல்லூரிக்கு வந்தவருக்குப் பசியைச் சமாளிக்கத் தெரியும், யாரிடம் விண்ணப்பிப்பது என்று தெரியாது. வசதியான வீட்டிலிருந்து வந்து, படிப்பின் நடுவில் பெற்றோரின் வேலையோ உறவோ முறிந்துபோனவரைச் சேர்க்கையின்போது கொடுத்த வருமானச் சான்று இன்னமும் வசதியானவராகவே காட்டும். அவருக்குக் கேட்டுப் பழக்கமும் இல்லை. கைக்குழந்தை உள்ள மாணவி முதலில் குழந்தைக்கு ஊட்டுகிறார். விடுமுறையில் விடுதிச் சமையலறை மூடும்போது போக வீடில்லாதவரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், பசியின் விளைவுகளை அறியும் ஓர் ஆய்வுக்காக 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து ஏறத்தாழ 6 மாதம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் சரிவு தெரியவில்லை. ஆனால் மனம் ஒன்றில் நிற்கவில்லை என்றும், எந்நேரமும் உணவே நினைவில் ஓடியது என்றும் அவர்கள் சொன்னார்கள். அந்த ஆய்வு என்று முடியும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பின்வரிசையில் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவரை மந்தமானவர் என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

யாரையும் தனியே அழைத்து விசாரிக்க வேண்டாம். உதவி எங்கே கிடைக்கும் என்பதைப் பருவத்தின் முதல் நாளில் வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள். வறுமைக்குச் சான்று கேட்கும் வரிசையில் என் நண்பர் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார். பிறகு உங்கள் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு விவரங்களைக் கேட்டு வாங்குங்கள்: உதவித்தொகை உண்மையில் கைக்கு வந்த தேதிகள், விடுதிச் சமையலறை மூடியிருந்த நாட்கள். இரண்டையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.