மாடல் செய்ய விலை குறைந்த பன்ச்: ஓட்டையா, வட்டமா?

கேள்வி: பிளாஸ்டிக் ஷீட்டில் ஸ்கேல் மாடல் செய்கிறேன். 1 மி.மீ. முதல் 6 மி.மீ. வரை வட்டமாக ஓட்டை போட விலை குறைந்த கருவி எது? வெளிநாட்டு பன்ச் செட் வாங்க வசதியில்லை.

உங்களுக்கு வேண்டியது ஓட்டையா, ஓட்டையிலிருந்து விழும் வட்டத் துண்டா? முதலில் இதை முடிவு செய்துகொள்ளுங்கள். கடையில் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பன்ச்சைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் முதல் இரண்டு வருஷம் நான் வாங்கிய சாமான்களில் பாதி பெட்டியிலேயே கிடக்கிறது.

நான் கடலூர் முதுநகர். எங்கள் துறைமுகத்தில் நிற்கும் விசைப்படகுகளை 1/50 அளவில் செய்கிறேன். 15 மீட்டர் படகு 30 செ.மீ. நீளத்துக்கு வரும். அதில் தண்ணீர் வடிகிற துளை, கயிறு போகிற துளை என்று ஓட்டைகள் பத்துப் பன்னிரண்டுதான். போல்ட் தலை, கப்பி, விளக்கு மூடி, பக்கவாட்டில் கட்டித் தொங்கவிடும் டயர் எல்லாமே வட்டத் துண்டுகள். போன படகுக்கு மட்டும் இருநூறுக்கு மேல் வெட்டினேன். உங்கள் மாடலிலும் இப்படி ஒருமுறை எண்ணிப் பாருங்கள், எதற்குக் காசு செலவழிப்பது என்று தெரிந்துவிடும்.

இன்ஜின் இணைப்புகளில் கசியாமலிருக்க வைக்கும் பேக்கிங் ஷீட்டை வெட்ட மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஹாலோ பன்ச்சின் வாயை உற்றுப் பாருங்கள். உள்பக்கம் நேராக இறங்கும், வெளிப்பக்கம் சரிவாக இருக்கும். சுத்தியலால் தட்டும்போது அந்தச் சரிவு ஷீட்டை வெளிப்புறமாகத் தள்ளும். அதனால் உள்ளே சிக்கிய வட்டம் நேர்த்தியாக வரும், ஓட்டையின் ஓரம் மட்டும் மேடு தட்டிவிடும். வட்டத்துக்கு இது அருமையான கருவி. இதிலேயே ஓட்டையும் போட்டாக வேண்டும் என்றால், மேட்டை 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்து எடுத்துவிடலாம். அரை மி.மீ. ஷீட் வரை பிரச்சினை இல்லை.

பளபளப்பைப் பார்த்து வாங்காதீர்கள். ஆன்லைனில் 9 அளவு கொண்ட செட் ஒன்று வாங்கினேன். சின்ன அளவுகளில் உள்வட்டமும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இல்லை. ஒரு பக்கம் வெட்டியது, மறுபக்கம் பிய்த்தது. இப்போது ஹார்டுவேர் கடையில் கையில் எடுத்து, வாயை வெளிச்சத்துக்கு நேரே திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறேன். கூர்மையான விளிம்பு கண்ணுக்குத் தெரியாது. வெள்ளையாக ஒரு கோடு மின்னினால் அந்த இடம் மழுங்கல். வீட்டுக்கு வந்ததும் 1000 நம்பர் வாட்டர் பேப்பரில் எண்ணெய் விட்டு, சரிவைப் படியவைத்து உருட்டி உருட்டித் தீட்டினால் பத்து நிமிஷத்தில் நன்றாக வெட்டும்.

அடியில் எதை வைக்கிறோம் என்பதும் பன்ச் அளவுக்கே முக்கியம். இதைச் சொல்லிக் கொடுத்தவர் திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்பு தைக்கும் பெரியவர். டயருக்காகப் பழைய ரப்பர் செருப்பில் 12 மி.மீ. வட்டம் வெட்டித்தரச் சொல்லிப் போயிருந்தேன். நான் கொண்டுபோன இரும்புத் தகட்டைப் பார்த்துவிட்டு, "அடியில இரும்பு வெச்சா வாய் மழுங்கிப் போயிடும் தம்பி" என்று ஒதுக்கி வைத்தார். அவர் வைத்திருந்தது குறுக்கே அறுத்த புளியமரத் துண்டு. கறிக்கடையில் கறி வெட்டும் கட்டை மாதிரி, மரத்தின் நார் மேல்நோக்கி நிற்கும். பன்ச் அந்த நார்களுக்கு நடுவே இறங்கிவிடும், விளிம்பு அடிபடாது. அன்று முதல் என்னிடமும் ஒரு புளியமரத் துண்டு இருக்கிறது. அதன் மேல் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைப் போட்டு, அதற்கு மேல் ஷீட்டை வைத்துத் தட்டுகிறேன்.

2 முதல் 4.5 மி.மீ. வரை ஆறு அளவு சுழலும் லெதர் பன்ச் பிளையர் ஒன்றும் வைத்திருக்கிறேன், 280 ரூபாய்க்கு வாங்கியது. சுத்தியல் வேண்டாம், ராத்திரியில் சத்தமில்லாமல் வேலை செய்யலாம். ஷீட்டின் ஓரத்திலிருந்து சில செ.மீ. உள்ளே அதன் வாய் எட்டாது என்பதுதான் குறை. 6 மி.மீ. வட்டத்துக்கு ஆபீஸ் பேப்பர் பன்ச்சே போதும், கால் மி.மீ. ஷீட்டை சுலபமாக வெட்டும்.

ஓட்டைக்கு வருகிறேன். 3 மி.மீ. வரை பின் வைஸில் (சின்ன பிட்டைப் பிடித்துக் கையால் திருகும் கைப்பிடி) டிரில் பிட் மாட்டித் துளையுங்கள். சர்க்யூட் போர்டுக்கான கார்பைடு பிட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் ஒடிந்துவிடும். ஹைஸ்பீடு ஸ்டீல் பிட்டே நல்லது. அதற்கு மேல் உள்ள அளவுக்கு, சின்னதாகத் துளைத்து உருண்டை அரத்தால் அகலப்படுத்தலாம். இன்னொரு வழி, தோல் டாக்டர்கள் பயாப்சிக்கு எடுக்கும் பன்ச். 2, 3, 4 மி.மீ. என்று வரும். புதுச்சேரியில் ஜிப்மர் பக்கம் சர்ஜிக்கல் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வாய் பிளேடு போல மெல்லியது, அதனால் ஓட்டையும் சுத்தமாக வரும், வட்டமும் சுத்தமாக வரும். சுத்தியலால் தட்டாமல், அழுத்தித் திருகுங்கள்.

வெளிநாட்டு செட்டுகள் இரண்டு இரும்புத் தகடுக்கு நடுவே ஷீட்டை நுழைத்துக் கத்தரிபோல வெட்டுகிற வகை. அதை லேத் பட்டறையில் செய்து வாங்கினேன், இரும்பும் கூலியும் சேர்த்து 600 ரூபாய். 6 மி.மீ. கனத்தில் இரண்டு பட்டை. நடுவே இரு முனையிலும் ஒடிந்த ஹாக்ஸா பிளேடு துண்டு வைத்து போல்ட் போட்டு இறுக்கினோம். அந்த பிளேடு 0.6 மி.மீ. கனத்துக்கு வரும், அரை மி.மீ. ஷீட் தாராளமாக நுழையும். இறுக்கிய பிறகுதான் இரண்டு பட்டையையும் சேர்த்து ஒரே மூச்சில் 1, 1.5, 2, 2.5 மி.மீ. துளை போட்டோம். தனித்தனியாகத் துளைத்தால் ஒருநாளும் பொருந்தாது. அதே டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியை வெட்டி முனையைத் தட்டையாகத் தீட்டினால் அதுவே பன்ச். இரண்டு வருஷமாக உழைக்கிறது.

1 மி.மீ.க்குக் கீழே ஊசிதான். மெடிக்கல் ஷாப்பில் புது ஊசியாக வாங்குங்கள். பிங்க் நிறத் தலை உள்ள 18 நம்பர் ஊசியின் உள்விட்டம் சுமார் 0.84 மி.மீ., பச்சைத் தலை 21 நம்பருக்கு சுமார் 0.51. போல்ட் தலைக்குக் கச்சிதமான அளவு. சாய்ந்த முனையைக் கட்டிங் பிளையரால் நறுக்கினால் வாய் நசுங்கிவிடும். சாணைக் கல்லில் நேராகத் தேய்த்து, பிறகு வெளிவிளிம்பைச் சுற்றிலும் லேசாகத் தீட்டுங்கள். கால் மி.மீ. ஷீட்டில் வைத்து அழுத்தித் திருகினால் கடுகில் பாதி அளவில் ஒரு வட்டம் உள்ளே ஏறிக்கொள்ளும். பின்னாலிருந்து மெல்லிய கம்பியால் தள்ளி, ஈரமான பிரஷ் நுனியில் எடுங்கள்.

ஷீட்டுக்குத் தயிர் கப், ஐஸ்கிரீம் மூடி பயன்படுத்துவதாக இருந்தால் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அதுதான் ஸ்டைரீன், மாடல் சிமெண்ட் (பிளாஸ்டிக் மாடலுக்கான பசை) பிடிக்கும். 5 என்று இருந்தால் எவ்வளவு அழகாக வெட்டினாலும் ஒட்டாது.

தீட்டிய ஊசிகளை மூடி போட்ட மாத்திரை டப்பாவில் போட்டு வையுங்கள். வீட்டில் குழந்தை இருந்தால் டப்பா அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.