கொஸ்தோவின் வாக்குமூலம்

அன்புள்ள ஐயா,

பல்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் திராய்ச்சோ கொஸ்தோவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். எதிர்க்கட்சித் தலைவர் நிகோலா பெத்கோவை 1947-இல் தூக்கிலிட்ட ஆட்சியின் முன்வரிசையில் இருந்தவர் கொஸ்தோவ். இரண்டே ஆண்டுகளில் அதே ஆட்சி அவரையும் கொன்றது. ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று கட்டுரையை முடிக்க எண்ணியிருக்கிறேன். அவரை வீழ்த்தியவர் ஸ்டாலினா, உட்கட்சிப் போட்டியாளர் செர்வென்கோவா என்பதில்தான் குழப்பம். தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில வாரங்களாகவே கொஸ்தோவ் என் நினைவில் இருந்துகொண்டிருக்கிறார். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுதுகிறேன்.

கேள்விக்கு முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸ்டாலினுக்குப் பணிய மறுத்த டிட்டோவின் யுகோஸ்லாவியா 1948 ஜூனில் சோவியத் அணியிலிருந்து விலக்கப்பட்ட பிறகு, கிழக்கு ஐரோப்பிய நாடு ஒவ்வொன்றிலும் ஒரு டிட்டோவைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டியிருந்தது. துணைப் பிரதமராகப் பொருளாதாரத்தை நடத்திவந்த கொஸ்தோவ், புகையிலை, ரோஜா எண்ணெய் முதலிய ஏற்றுமதிச் சரக்குகளின் விலை விவரங்களைச் சோவியத் பிரதிநிதிகள் கேட்டபோதும் கொடுக்க மறுத்திருந்தார். ஸ்டாலின் சினந்தார்; செர்வென்கோவ் அதைப் பயன்படுத்திக்கொண்டார். 1949 மார்ச்சில் பதவிகளைப் பறித்துத் தேசிய நூலகத்தின் இயக்குநராக்கினார்கள். ஜூனில் கைது செய்தார்கள். இருவரில் யார் பங்கு எவ்வளவு என்று அளந்து பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

ஆனால் அந்தப் பழமொழியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. அதை எழுதுவதற்கு முன் அந்நாட்டு வரலாற்றில் ஒரு முறையாவது பொருத்திப் பார்த்தீர்களா? 1944 செப்டம்பரில் அமைந்த அரசில் பெத்கோவும் ஓர் அமைச்சர். முந்தைய ஆட்சியினரை விசாரிக்க மக்கள் நீதிமன்றங்களை நிறுவியது அந்த அரசுதான். அவை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை விதித்தன. உங்கள் கணக்குப்படி பெத்கோவும் விதைத்ததைத்தான் அறுத்தார் என்று எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள், எழுதவும் கூடாது. செர்வென்கோவ் என்ன அறுத்தார்? பதவி போயிற்று, 1962-இல் கட்சியிலிருந்தும் நீக்கினார்கள். ஆனாலும் எண்பது வயது வரை தலைநகர் சோஃபியாவில் வாழ்ந்துதான் இறந்தார். அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருவனைப் பார்த்து ‘உனக்கு வேண்டியதுதான்’ என்று சொல்வது, கொன்றவனுக்குச் சாட்சி சொல்வதாகும். கொஸ்தோவ் கறைபடாதவர் என்று நான் வாதாடவில்லை. அந்தத் தீர்ப்புகள் வழங்கப்பட்ட மாதங்களில் சோஃபியாவில் கட்சியை நடத்தியவர் அவரே. அந்தக் குற்றத்துக்காக அவரை யாரும் விசாரிக்கவில்லை என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அவரை விசாரித்தது வேறொன்றுக்காக. 1924-இல், கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பிருந்த காவல்துறையின் சித்திரவதையில், தோழர்களைக் காட்டிக்கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சி, நான்காம் மாடிச் சன்னலிலிருந்து குதித்தவர் அவர். உயிர் தப்பினார், முதுகெலும்பு வாழ்நாள் முழுதும் வளைந்தே இருந்தது. 1942-இல் ஒரே வழக்கில் கவிஞர் நிகோலா வாப்த்சாரோவ் உள்ளிட்ட தோழர்கள் சுட்டுக் கொல்லப்பட, இவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஏழாண்டு கழித்துச் சொந்தக் கட்சி கேட்டது: நீ மட்டும் ஏன் சாகவில்லை? அன்றே போலீஸுக்கு ஆளாகிவிட்டாய் அல்லவா? உயிரோடு இருந்ததே சாட்சியமாயிற்று. கூன் விழுந்த அந்த முதுகு நீதிமன்றத்தில் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கும்.

சிறையில் அவரிடம் நீண்ட வாக்குமூலம் ஒன்றை எழுதி வாங்கினார்கள். இந்த இடத்தில்தான் என் மனம் நின்றுவிடுகிறது. ஒப்பிடவே கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன். எனக்குப் பதினான்கு வயதில், பள்ளி ஆய்வகத்தில் ஒரு கண்ணாடிக் குடுவை உடைந்தது. நான் உடைக்கவில்லை. ஆசிரியர் ஒருவர் கோடு போட்ட தாளைக் கொடுத்து, தாம் சொல்லச் சொல்ல என்னை எழுத வைத்தார். ‘இனி இவ்வாறு நடக்க மாட்டேன்’ என்ற வரியில் மை கொட்டிவிட்டதால், வேறு தாளில் முதலிலிருந்து எழுதச் சொன்னார். இரண்டாம் முறை எழுதும்போது, உண்மையிலேயே நான்தான் உடைத்தேனோ என்று எனக்கே தோன்றியது. மறுநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதை உரக்க வாசிக்க வேண்டும். வாசித்தேன். என் முன்னால் இருந்தது ஒரு பிரம்பு மட்டுமே.

கொஸ்தோவின் முன்னால் இருந்தது மரணம். 1949 டிசம்பர் 7 அன்று, அயல்நாட்டுச் செய்தியாளர்களும் அமர்ந்திருந்த அவையில், அவர் எழுந்து தம் வாக்குமூலத்தின் உயிரான பகுதிகளை மறுத்தார். போலீஸுக்குப் பணியவில்லை, ஆங்கிலேய உளவாளியாக இருந்ததில்லை, டிட்டோவோடு சேர்ந்து சதி செய்யவில்லை என்றார். இரண்டு மாதங்களுக்கு முன் புடாபெஸ்டில், இதே போன்ற வழக்கில், ஹங்கேரியக் கம்யூனிஸ்ட் தலைவர் லாஸ்லோ ராய்க் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு செத்திருந்தார். சோஃபியாவிலும் அவ்வாறே நடக்கும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். நீதிபதி அவர் பேச்சை நிறுத்திவிட்டு, அவர் சிறையில் எழுதிக் கொடுத்ததையே அவையில் படிக்கச் செய்தார். உடன் குற்றம் சாட்டப்பட்ட பத்துப் பேரும் அவரைக் கைகாட்டினார்கள். 14-ஆம் தேதி இறுதி வாய்ப்பிலும் அவர் மறுத்தார். அப்போதும் முழுதாகப் பேச விடவில்லை. 16-ஆம் தேதி கொன்றுவிட்டார்கள்.

அந்தக் கடைசிப் பேச்சிலும் தாம் சோவியத் ஒன்றியத்தை மதித்தே வந்ததாகச் சொன்னார். கட்சியைத் துறந்த வீரனாக அவரைக் காட்ட முயன்றீர்களானால் அதுவும் பொய்யாகும். தம் கையெழுத்தில் இருந்த சொற்கள் தம்முடையவை அல்ல என்று சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதைச் சொல்ல எத்தனை பெரிய மனம் வேண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

அவர் இறந்த பின், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரி அவரே எழுதியதாக ஒரு கடிதத்தை வெளியிட்டார்கள். பெத்கோவைத் தூக்கிலிட்ட பிறகும் அவர் பெயரில் அப்படி ஒரு வாக்குமூலம் வெளிவந்தது. வாய் மூடிய பிறகு தாள் பேசியது, இருவருக்கும். உங்கள் கட்டுரையில் பெத்கோவையும் கொஸ்தோவையும் இணைக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு தாள்களால் இணையுங்கள்.

1956-இல் அவர் நிரபராதி என்று கட்சியே அறிவித்தது. அதைப் பற்றி நீளமாக எழுத வேண்டாம். கடைசி வரியை அடித்துவிட்டு, டிசம்பர் 7-ஐ விரிவாக எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.