வரலாறு படிக்க லண்டன் வரலாமா? யாழ்ப்பாணத்துத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, யாழ்ப்பாணக் கம்பஸில் வரலாறு சிறப்புப் பட்டம் முடித்துவிட்டு, லண்டனில் ஒரு வருட எம்.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர். தமிழில் படித்தவனுக்கு அந்த வகுப்பு பிடிபடுமா, வேலை செய்தபடி சமாளிக்கலாமா, வீட்டார் சொல்வதுபோல் கணக்கியலுக்கோ ஐ.ரி.க்கோ மாறுவதுதான் நல்லதா என்பது உம்முடைய கேள்வி.

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். எப்படியாவது இங்கே தங்கிவிட வேண்டும் என்பதுதான் எண்ணமென்றால் வீட்டார் சொல்வது சரி. வரலாற்றில்தான் மனம் என்றால் தாராளமாக வாரும். வந்தால், இங்கே கிடக்கிற பழைய ஆவணக் கடதாசிகளுக்காக வாரும். வகுப்பு மட்டும் போதுமென்றால் இவ்வளவு காசு கட்டத் தேவையில்லை.

யாழ்ப்பாண வரலாற்றைப் படிக்க லண்டனுக்கு ஏன் போகிறான் என்று ஊரில் நாலு பேர் சிரிப்பார்கள். எங்களை ஆண்ட வெள்ளைக்காரன் எழுதிய கடிதம் அவனுடைய தலைநகரில்தானே இருக்கும்! எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்பதில்தான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். வந்தவுடன் எல்லாரும் ஓடுவது பிரிட்டிஷ் நூலகத்திலுள்ள இந்திய அலுவலகப் பதிவுகளுக்கு. அங்கே எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் தொடக்க காலம்தான்: 1795இல் கிழக்கிந்தியக் கும்பனி யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து பிடித்து, சென்னையிலிருந்து நிர்வாகம் நடத்திய சில வருடங்கள். 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்றநாடாகிவிட்டது. அதன் பிறகு இந்தியாவோடு எங்கள் கடிதப்போக்கு சேரவில்லை. அது குடியேற்ற நாட்டு அலுவலகத்துக்குப் போனது. அந்தக் கட்டுகள் எல்லாம் இப்போது லண்டனின் மேற்கே கியூ என்ற இடத்தில் உள்ள பிரித்தானியத் தேசிய ஆவணக்காப்பகத்தில். தொடரின் பெயர் சி.ஓ. 54. கொழும்பிலிருந்து ஆளுநர்மார் எழுதியது 1798 முதல் அங்கே இருக்கிறது. 1931இல் அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததே, அதைப்பற்றி எழுதப் போகிறீர் என்றால் முதலில் தேட வேண்டிய இடம் அதுதான்.

கியூவுக்குப் போவது சுலபம். எங்கள் ஆட்கள் நிறைந்த ஈஸ்ட்ஹாமில் ரிச்மண்ட் போகிற டிஸ்ட்ரிக்ட் லைன் ரெயினில் ஏறினால் மாறாமல் கியூ கார்டன்ஸில் இறங்கலாம். வாசகர் அட்டை இலவசம், ஆனால் ஆளை உறுதிப்படுத்த ஒன்று, விலாசத்துக்கு ஒன்று என்று ஆவணம் கேட்பார்கள். பேனை உள்ளே விடமாட்டார்கள், பென்சில்தான். சொந்தக் கமராவில் படம் எடுக்கக் காசில்லை; ஒரு நாள் முழுக்க எடுத்து வந்து அறையில் இருந்து ஆறுதலாக வாசிக்கலாம். ஞாயிறும் திங்களும் பூட்டு.

மிஷனரிமார் பக்கம் ஆர்வமென்றால் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய, ஆபிரிக்க ஆய்வுக் கல்லூரியான சோவாஸின் நூலகம். 1814இல் வந்த வெஸ்லியன் சபையாரின் கடிதங்கள், அறிக்கைகள் எல்லாம் மெதடிஸ்த மிஷன் சேகரிப்பில் இருக்கின்றன. சி.எம்.எஸ். என்கிற ஆங்கிலிக்கன் மிஷன் சபையின் கடதாசி பேர்மிங்ஹாமில். வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்திய அமெரிக்க மிஷனைத் தேடி லண்டனில் அலைய வேண்டாம், அது ஹார்வார்டில் இருக்கிறது. இதைத் தெரியாமல் ஆய்வுத் தலைப்பைப் பதிந்துவிட்டு மே மாதத்தில் முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

இனி வகுப்பு. பேச்சு ஆங்கிலத்துக்குப் பயப்படாதேயும், இரண்டு மாதத்தில் வரும். கஷ்டம் வாசிப்பில். ஒரு செமினாருக்கு நாலைந்து கட்டுரை, சில வேளை ஒரு முழுப் புத்தகம், அதுவும் கிழமைக்குக் கிழமை. வாசித்ததை ஒப்புவித்தால் போதாது; எழுதியவர் எங்கே வழுக்கினார், எந்தச் சான்றைப் பார்க்காமல் விட்டார் என்று கேட்பார்கள். நோட்ஸ் எழுதி, பாடமாக்கி, ஏ.எல்.லில் மூன்று ஏ எடுத்த எங்கள் ஆட்கள் முதல் தவணையில் வாய் திறப்பதில்லை. லெக்சரரைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். ‘சேர்’ வாயை விட்டுப் போக எனக்கு எவ்வளவோ காலம் எடுத்தது. புள்ளியையும் சொல்லிவிடுகிறேன். எம்.ஏ.யில் 50 எடுத்தால் சித்தி, 60 திறமைச் சித்தி, 70 அதிவிசேடம். முதல் கட்டுரைக்கு 62 வந்ததும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று முகத்தைத் தொங்கப் போட வேண்டாம். நல்ல புள்ளி அது.

வகுப்புக்கு வெளியே ஒரு இடம் உண்டு. மாலெட் வீதியில் செனட் ஹவுஸ் கட்டடத்தில் 1921இல் தொடங்கிய வரலாற்று ஆய்வு நிறுவனம். அங்கே மாலையில் நடக்கிற ஆய்வுக் கருத்தரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கு யாரும் போய் இருக்கலாம், காசில்லை. பெரிய பேராசிரியர்கள் அரைகுறையாக முடித்த ஆய்வைக் கொண்டுவந்து குட்டு வாங்குவதைப் பார்க்கலாம். என்னைக் கேட்டால் ஒரு பாடத்துக்குக் கட்டிய காசைவிட அது பெறுமதி.

வேலை விஷயத்தில் கொஞ்சம் கறாராகச் சொல்லத்தான் வேண்டும். மாணவர் விசாவில் தவணைக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான். ‘கோடை விடுமுறையில் முழுநேரம் செய்யலாம்’ என்று கடைக்காரர் அண்ணை சொல்வார். இளமாணி மாணவனுக்கு அது சரி. உமக்கு அந்தக் கோடை விடுமுறை இல்லை. ஆய்வுக் கட்டுரை எழுதுகிற காலம் தவணைக்குள் அடங்கும். பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட், கையில் காசு என்று யாராவது கூப்பிட்டால், எங்கள் ஊர் ஆள் என்றாலும் போக வேண்டாம். விசா போனால் அவர் வந்து நிற்கமாட்டார். கணக்குப் போடும்போது கட்டணத்தோடு சுகாதார மேலதிகக் கட்டணத்தையும் சேரும். மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண். வாடகைக்கு ஈஸ்ட்ஹாம், ஹரோ பக்கம் எங்கள் ஆட்களின் வீட்டில் ஒரு அறை பார்த்தால் மலிவாக வரும், சோறும் கிடைக்கும். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் சாமத்திய வீட்டுக்கும் இழுபடவும் வேண்டிவரும். பிரயாணத்துக்கு மாணவர் ஒய்ஸ்ரர் அட்டை எடுத்தால் கிழமை, மாதச் சீட்டுகளில் 30 வீதம் கழிவு.

படித்து முடித்தபின்? பட்டதாரி விசா இப்போதைக்கு இரண்டு வருடம். 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். அதற்குப் பிறகு தங்கத் திறன் தொழிலாளர் விசா வேண்டும். அதற்குப் பொதுவான சம்பள எல்லை 41,700 பவுண். புதிதாகப் பட்டம் முடித்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவு. அருங்காட்சியகத்திலோ ஆவணக்காப்பகத்திலோ புதிதாகச் சேருகிறவருக்கு அந்தச் சம்பளம் கிடைப்பது அருமை. ஆகவே முதலிலேயே இரண்டு வழி யோசித்து வையும்: ஒன்று உதவித்தொகையோடு பி.எச்.டி., மற்றது இந்தப் பட்டத்தோடு ஊருக்குத் திரும்பி விரிவுரையாளர் பதவிக்கு விண்ணப்பிப்பது. காணியை ஈடுவைத்துக் கட்டணம் கட்டுவதாக இருந்தால், தம்பி, நான் வர வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

செப்ரெம்பருக்கு முன் ஒரு வேலை இருக்கிறது. கொழும்பு 7இல் உள்ள தேசிய ஆவணக்காப்பகத்தில் சில நாள் இரும். வடமாகாணத்து அரசாங்க அதிபர்மாரின் நாட்குறிப்புகள் அங்கேதான், லண்டனில் அல்ல. அவர்கள் கொழும்புக்கு என்ன எழுதினார்கள் என்று குறிப்பெடுத்து வந்தால், அதில் எதை ஆளுநர் லண்டனுக்கு அனுப்பினார், எதை விழுங்கினார் என்று கியூவில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒரு எம்.ஏ. ஆய்வுக்கு அதுவே போதும். உம்முடைய தலைப்பு எந்தக் காலம் என்று எழுதவில்லையே. அதை எழுதினால் எந்தத் தொடரைப் பார்ப்பது என்று சொல்லுகிறேன்.