ஆசிய செயற்கைக்கோள் தொடர்பு நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையப் போகின்றன என்கிறார்களே, அதை நம்பிப் பங்கு வாங்கலாமா?

இணைப்பு வரும், விலை ஏறும் என்பது மட்டுமே காரணம் என்றால் நான் வாங்க மாட்டேன்.

மேற்கில் பெரிய இணைப்புகள் நடந்தது உண்மைதான். 2023-ல் வியாசாட் இன்மார்சாட்டை வாங்கியது, யூட்டல்சாட்டும் ஒன்வெப்பும் சேர்ந்தன. 2025 ஜூலையில் இன்டெல்சாட் 310 கோடி டாலருக்கு எஸ்இஎஸ் கைக்குப் போனது. அடுத்தது ஆசியா என்ற பேச்சோ, எலான் மஸ்கின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் வருவதற்கு முன்பிருந்தே ஓடுகிறது.

இங்கே சிக்கல், வானத்தில் செயற்கைக்கோள் நிற்கும் இடம் கம்பெனியின் சொத்து இல்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தில் அதைப் பதிவு செய்வது அந்தந்த நாட்டு அரசு. தாய்லாந்தின் தாய்காமையே பாருங்கள். 1991-ல் போட்ட 30 ஆண்டு ஒப்பந்தப்படி, கம்பெனி தன் காசில் செயற்கைக்கோள் செய்து, அதை அரசின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, இயக்கி வருமானம் பார்க்கலாம். 2021 செப்டம்பரில் கெடு முடிந்ததும் தாய்காம் 4, 6 இரண்டும் அரசு நிறுவனத்திடம் போய்விட்டன. இப்படிப்பட்ட சொத்துக்கு வெளிநாட்டுக்காரர் என்ன விலை சொல்வார்? ஜப்பானில் 2008-ல் மூன்று கம்பெனிகள் சேர்ந்து ஸ்கை பெர்ஃபெக்ட் ஜேசாட் ஆனது. அதுவும் ஒரே நாட்டுக்குள்.

சரி, பேரமே நடப்பதில்லையா என்றால், நடக்கிறது. பெரும்பங்கு வைத்திருப்பவரே மிச்சத்தையும் வாங்கி, கம்பெனியைச் சந்தையிலிருந்து எடுத்துவிடுவார். மலேசியாவின் மீசாட்டை 2010-ல் ஆனந்த கிருஷ்ணன் எடுத்தது இப்படித்தான். ஸ்டார் டிவி தொடங்கியபோது சுமந்த ஹாங்காங்கின் ஏசியாசாட்டை, அதன் பெரும்பங்கை வைத்திருந்த முதலீட்டு நிறுவனங்களான சிட்டிக்கும் கார்லைலும் 2019-ல் பங்குக்கு 10.22 ஹாங்காங் டாலர் கொடுத்து எடுத்தார்கள். டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோளில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) வாடகை சரிந்து, பங்கு சோர்ந்து கிடக்கும்போதுதான் பங்கை விற்கச் சொல்லி இந்த மாதிரி அழைப்பு வரும். நல்ல காலத்தில் அதிக விலைக்கு வாங்கியவர் பாடு திண்டாட்டம்தான்.

அதனால் ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது, ஒவ்வொரு செயற்கைக்கோளும் எந்த ஆண்டு ஏவப்பட்டது என்பதை. ஆயுள் சுமார் 15 ஆண்டு. எல்லாம் ஒரே சமயத்தில் கிழடாகும் கம்பெனியில் டிவிடெண்ட் எதிர்பார்க்காதீர்கள், காசெல்லாம் அடுத்த ராக்கெட்டுக்குப் போகும்.

இந்தியச் சந்தையில் எல்லோரும் கேட்பது டாட்டா குழுமத்தின் நெல்கோ. அது வேறு தொழில். பிறருடைய செயற்கைக்கோளில் வாடகைக்கு இடம் எடுத்து வங்கிக் கிளை, ஏடிஎம், கப்பல் என்று விசாட் (சிறு டிஷ் ஆன்டெனா வழி) இணைப்பு கொடுக்கிறது. வாடகை சரிந்தால் அதற்கு லாபமே. அதன் தலைவலி, 2025 ஜூனில் இந்திய உரிமம் வாங்கிய ஸ்டார்லிங்க்.