சுரங்கம், 413, 407, பெற்றோல் வரி: ஃபோர்ட்டின் வீதி வாக்குறுதிகள் பற்றிக் கேள்வி பதில்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2025 பெப்ரவரி 27 அன்று நடந்த தேர்தலுக்கு முன் எழுதிய கேள்வி பதில் இது. முதல்வர் டக் ஃபோர்ட் வீதிகளைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கிறார்: 401 ஹைவேக்கு அடியில் சுரங்கம், புதிய 413 ஹைவே, 407 ஹைவேயின் கிழக்குத் துண்டில் டோல் (வீதிக் கட்டணம்) நீக்கம், பெற்றோல் வரிக் குறைப்பு நிரந்தரம். போக்குவரத்துத் திட்டமிடல் என் தொழில். இருப்பது ரொறன்ரோவின் ஸ்காபரோவில். இந்தத் திட்டங்களை நான் எதிர்க்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேளுங்கள்.

கேள்வி (மார்க்கம்): அண்ணை, 407 இனி ஃப்ரீ எண்டு சொல்லினம். நான் கென்னடி ரோட்டில ஏறி மிசிசாகா போறனான். மாசம் எவ்வளவு மிஞ்சும்?

பதில்: ஒரு சதமும் மிஞ்சாது. 407க்கு இரண்டு சொந்தக்காரர். பர்லிங்டனில் இருந்து பிக்கரிங் புரொக் ரோட் வரை 108 கிலோமீற்றரைத் தனியார் கம்பனி நடத்துகிறது. 1999இல் மைக் ஹாரிஸ் அரசாங்கம் அதை 3.1 பில்லியன் டொலருக்கு 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தது. அங்கே டோலைக் கூட்ட அரசாங்கத்திடம் அனுமதி கேட்கவேண்டியதில்லை. ஃபோர்ட் நீக்குவதாகச் சொல்வது புரொக் ரோட்டுக்குக் கிழக்கே, மாகாணத்தின் கையில் இருக்கும் துண்டுக்கு மட்டும். ஓஷவாவில் இருக்கிறவருக்கு அது உதவிதான். நீங்கள் ஓடுகிற பக்கத்துக்கு அவருடைய வாக்குறுதியில் எதுவும் இல்லை.

கேள்வி: பெற்றோல் வரியைக் குறைச்சது நல்லதுதானே? அதையும் குறை சொல்லுறீங்களா?

பதில்: குறைத்தது லீற்றருக்கு 5.7 சதம். 50 லீற்றர் அடித்தால் 2 டொலர் 85 சதம். வாரம் ஒரு முறை அடிக்கிறவருக்கு வருஷத்துக்கு 148 டொலர். வேண்டாத காசென்று நான் சொல்லவில்லை. ஆனால் 2022இல் நம்பர் பிளேட் ஸ்டிக்கர் கட்டணத்தையும் எடுத்தார்கள். அதில் மட்டும் மாகாணத்துக்கு வருஷம் ஒரு பில்லியன் டொலருக்கு மேல் வரவு போனது. வீதியால் வரும் காசை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே, இதுவரை யாரும் கட்டாத அளவில் வீதி கட்டப்போவதாகச் சொல்கிறார். எந்த வாக்குறுதியைக் கேட்டாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: மொத்தச் செலவு எவ்வளவு, எந்த வருஷம் முடியும்?

கேள்வி (ஸ்காபரோ): 401 சுரங்கம் உண்மையிலயே கட்ட ஏலாதோ? நோர்வேயில கட்டியிருக்கிறாங்களே.

பதில்: நோர்வேயின் லேர்டால் சுரங்கம் 24.5 கிலோமீற்றர். வீதிச் சுரங்கங்களில் உலகிலேயே நீளமானது அதுதான். மலைக்குள்ளால் போகிறது, போக ஒரு லேன், வர ஒரு லேன். ஃபோர்ட் 2024 செப்டெம்பரில் அறிவித்தது பிரம்டன், மிசிசாகாவுக்கு அப்பால் தொடங்கி ஸ்காபரோ, மார்க்கத்தைத் தாண்டும் சுரங்கம். 50 கிலோமீற்றருக்கு மேல் வரும், அதாவது லேர்டாலைப் போல் இரண்டு மடங்கு. மேலே ஓடுவது வட அமெரிக்காவிலேயே மிக நெரிசலான ஹைவேகளில் ஒன்று. நெரிசல் கூடிய இடத்தில் நாளைக்கு 4 லட்சம் வாகனத்துக்கு மேல் போகிறது. இத்தனைக்கும் அறிவித்த அன்று செலவுக் கணக்கே சொல்லவில்லை.

பாஸ்டனைப் பாருங்கள். நகரின் நடுவே ஓடிய மேம்பால ஹைவேயை நிலத்துக்கு அடியில் இறக்கினார்கள். அந்தச் சுரங்கம் இரண்டரைக் கிலோமீற்றர்கூட இல்லை. துறைமுகத்துக்கு அடியில் இன்னொரு சுரங்கமும் ஒரு பாலமும் சேர்த்து, 1980களில் 2.8 பில்லியன் டொலர் என்றார்கள். 1991இல் தொடங்கி 2007இல் முடியும்போது 14 பில்லியனைத் தாண்டியிருந்தது. விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தாலும் இரட்டிப்புக்கு மேல்.

வெட்டுவது மட்டும் செலவு இல்லை. புகையை வெளியே தள்ளும் காற்றுக் குழாய்கள், தீப்பிடித்தால் ஆட்கள் ஏறி வர வழி, உள்ளே இறங்கவும் ஏறவும் கிளைகள் எல்லாம் வேண்டும். அந்தக் கிளைகள் வந்து சேருவது நீங்கள் இப்போது நெரிசலில் நிற்கும் அதே வொர்டன், மக்கோவன் சந்திகளில்.

கேள்வி (பிக்கரிங்): 407 டோல் முழுக்கப் போகுதோ?

பதில்: முதல் பதிலைப் பாருங்கள். புரொக் ரோட்டுக்குக் கிழக்கே மட்டும்.

கேள்வி: 413ஆல 30 நிமிஷம் மிச்சம் எண்டு அரசாங்கம் சொல்லுது, 30 செக்கன் எண்டு எதிர்க்கட்சி சொல்லுது. எது சரி?

பதில்: இரண்டும் வேறு வேறு கணக்கு. மில்டன் பக்கத்தில் ஏறி வோனில் 400 வரைக்கும் முழுத் தூரமும் ஓடுகிறவருக்கு 30 நிமிஷம் வரை என்பது அரசாங்கத்தின் கணக்கு. 30 முதல் 60 செக்கன் என்றது முந்தைய லிபரல் அரசாங்கம் நியமித்த ஆலோசனைக் குழு. ஒரு பயணத்துக்குச் சராசரியாக எவ்வளவு மிஞ்சும் என்று பார்த்தது அது. பொதுக்காசில் கட்டும்போது சராசரிதான் முக்கியம் என்பேன். இதற்கும் மொத்தச் செலவு வெளியிடப்படவில்லை.





கேள்வி (லொறி ஓட்டுநர், பிரம்டன்): நீங்கள் ஒஃபிசில இருந்து எழுதுறியள். நான் 17 வருஷமா 401இல ஓடுறன். விடிய நாலு மணிக்கு எந்த சப்வே ஓடுது? பஸ்ஸில சாமான் ஏத்தேலுமோ? ரோட் கூட்டினால்தான் எங்களுக்கு விடிவு.

பதில்: உங்கள் கோபம் நியாயம். நாலு மணி வேலைக்காரர் விரும்பி வண்டி ஓடவில்லை. அந்த நேரத்தில் பஸ் விடாத எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

ஆனால் ரோட் கூட்டிப் பார்த்தாயிற்று. 401 நாலு லேனாகத் தொடங்கியது. 1960களில் 12 லேனாக்க ஆரம்பித்தார்கள். இப்போது சில இடங்களில் 18. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் இருந்த டுரான்டன், டர்னர் என்ற இருவர் அமெரிக்க நகரங்களின் கணக்கை எடுத்து 2011இல் எழுதினார்கள்: லேன் நீளம் நூற்றுக்குப் பத்து கூடினால் வாகனங்கள் ஓடும் தூரமும் ஏறக்குறையப் பத்துக் கூடுகிறது. புது லேனில் நீங்கள் தனியே ஓட மாட்டீர்கள். நெரிசலுக்குப் பயந்து இவ்வளவு நாள் ஒதுங்கி நின்ற எல்லோரும் வந்துவிடுவார்கள்.

அதே ஓட்டுநர்: கணக்குச் சரி. அப்ப எனக்கு இந்த வருஷம் என்ன வழி?

பதில்: 407. 401க்கு வடக்கே, அதைவிட நெரிசல் குறைவாகக் கிடக்கிறது. லொறியின் டோலை மாகாணம் கம்பனிக்குக் கட்டட்டும். வெட்ட வேண்டாம், காணி எடுக்க வேண்டாம், லொறியில் டோலைப் பதியும் ட்ரான்ஸ்பொண்டர் கருவி போதும். ஒப்பந்தம் பேசிக் காசு ஒதுக்கினால் மாதக்கணக்கில் தொடங்கலாம். சுரங்கத்துக்கு ஆய்வு முடியும் முன்பே உங்கள் லொறி அங்கே ஓடலாம்.

கேள்வி (பிரம்டன், வேறொருவர்): லொறிக்கு நாங்கள் ஏன் வரி கட்டவேணும்? கம்பனி கட்டட்டும்.

பதில்: சுரங்கம் கட்டினாலும் உங்கள் வரிதான் தம்பி. எது குறைவு என்பதுதான் கேள்வி. 401இல் இருந்து ஒரு லொறி விலகினால் ஒன்றுக்கு மேற்பட்ட காருக்கு இடம் வருகிறது. அந்த இடத்தில் நிற்பது நீங்கள்.

கேள்வி (அஜக்ஸ்): 407 ஃப்ரீ எப்ப தொடங்கும்?

பதில்: புரொக் ரோட்டுக்குக் கிழக்கே. இதே கேள்விக்கு இனி எழுத மாட்டேன்.

கேள்வி (ஸ்காபரோ): அண்ணா, நான் தாதியர் உதவியாளர். வேலை முடிய இரவு பதினொன்றரை. ஆர்.டி. ரயில் இருந்த நாளில் கென்னடி ஸ்டேஷனில ஏறினால் கொஞ்ச நேரத்தில ரவுன் சென்ரர். இப்ப குளிருக்க பஸ்ஸுக்கு நிக்கிறன். எங்களைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

பதில்: தங்கச்சி, போன கிழமை நானும் கென்னடியில் நின்றேன். பஸ் வரிசையில் பாதிப் பேர் உங்களைப் போல வேலை உடுப்போடு, கையில் சாப்பாட்டுப் பையோடு. 1985இல் திறந்த ஆர்.டி. 2023 ஜூலை 24 அன்று தடம் புரண்டது. அதன் பிறகு ஓடவில்லை. பதிலாக வரும் சப்வே 7.8 கிலோமீற்றர், மூன்று ஸ்டேஷன். வேலை நடக்கிறது, அது ஃபோர்ட் அரசாங்கத்தின் திட்டம்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2030க்கு முன் திறக்காது. அதுவரை உங்களுக்குத் தேவை இரவிலும் ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு பஸ். அதற்கு வேண்டியது ஓட்டுநர் சம்பளமும் பஸ்ஸும். பழைய ஆர்.டி. தடத்தைப் பஸ் பாதையாக்கும் வேலையை நகரசபை செய்கிறது. வேட்பாளர் கதவைத் தட்டும்போது சுரங்கத்தை விடுங்கள். கென்னடியில் இரவு பதினொன்றரைக்கு நிற்கும் பஸ்ஸுக்கு மாகாணம் வருஷம் எவ்வளவு தரும் என்று கேளுங்கள். சொல்லும் தொகையை எழுதி வையுங்கள்.