அமெரிக்க ராணுவத்தில் ஹிஸ்பானிக் வீரர்களின் மனப்பான்மையை அளப்பது எப்படி?

ராணுவ வாழ்க்கை பற்றி ஐந்து புள்ளிக் கேள்வித்தாள் ஒன்றை (ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை பதில்) கொடுத்து, ஹிஸ்பானிக் வீரர்களின், அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின் வழி வந்தவர்களின், சராசரியை மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. கிடைக்கும் வித்தியாசம் மனதிலிருந்து வந்ததா, அளவுகோலிலிருந்து வந்ததா என்று பிரிக்க முடியாது.

இதற்குச் சான்று அமெரிக்கக் கடற்படையிலேயே உண்டு. ஹுய், டிரயாண்டிஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து புள்ளி அளவில் ஹிஸ்பானிக் கடற்படையினர் இரு ஓரங்களையும் ("முழுச் சம்மதம்", "துளியும் இல்லை") மற்றவர்களைவிட அதிகம் தேர்ந்தார்கள். பத்துப் புள்ளி அளவில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆகவே பத்துப் புள்ளியே கொடுங்கள். எதைக் கேட்டாலும் 'ஆமாம்' என்கிற பழக்கத்தைப் பிடிக்க, சில வாக்கியங்களை எதிர்மறையாகவும் வையுங்கள். எதிரே உட்கார்ந்து கேட்க வேண்டாம். முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குவார்கள்.

சொற்களிலும் கவனம் தேவை. 'குடும்பம்' என்றால் ஒருவர் மனைவி, பிள்ளைகளை நினைப்பார்; இன்னொருவர் அம்மா, தம்பி, அத்தை வரை சேர்ப்பார். யாரைக் கேட்கிறீர்கள் என்று வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு, ஒரே கேள்வி இரு குழுவிலும் ஒரே பொருளில்தான் வேலை செய்கிறதா என்று புள்ளியியல் முறையில் சோதியுங்கள். அதில் தேறாத கேள்விகளை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். பலர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான்.

யார் ஹிஸ்பானிக்? அமெரிக்க அரசின் 1997 விதிப்படி முதலில் ஹிஸ்பானிக்கா என்றும், அடுத்து இனம் (வெள்ளையர், கறுப்பர் போன்றவை) என்னவென்றும் தனித்தனியாகக் கேட்டார்கள். 2024 மார்ச்சில் வந்த புதிய விதி இரண்டையும் ஒரே கேள்வியாக்கியது. பழைய, புதிய எண்களை நேராக ஒட்டவைத்தால் இல்லாத மாற்றம் தெரியும். மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா வழி வந்தவர்களையும் பிரித்துக் கேட்பது நல்லது.

400 பதில் வந்தால் பிழை வரம்பு (கிடைக்கும் சதவீதம் உண்மையிலிருந்து விலகக்கூடிய அளவு) சுமார் ±5 சதவீதப் புள்ளி. அதில் பெண்கள் 80 பேர் என்றால் அவர்களுக்கு மட்டும் ±11. ஐந்தில் ஒருவர் பதில் தருவார் என்று வைத்தால் 2,000 பேருக்கு அனுப்ப வேண்டும்.

அமெரிக்க ராணுவத்தின் ஒரு பிரிவான மரைன் படையில் ஹிஸ்பானிக் பங்கு அதிகம்; பலர் இளவயது, கீழ்நிலைப் பதவி. அதனால் ஒரே படை, ஒரே பதவி, ஒரே பணிக்காலம் என்று பொருத்திய பிறகே ஒப்பிடுங்கள். 'பணியில் தொடர்வேன்' என்ற பதிலை, ஒப்பந்தம் முடியும்போது உண்மையில் மறுபடி கையெழுத்திட்டாரா என்ற பணிப்பதிவோடு சேர்த்துப் பாருங்கள்.